பழைய இரும்புல மரம் செய்யணுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி மரத்தப் பாருங்க

நீங்க கேட்டத சுருக்கிச் சொன்னா இதுதான். வில்லாபுரத்துல உங்க தெருமுனைல நின்ன வேப்பமரத்த ரோடு அகலமாக்குறதுக்கு வெட்டிட்டாங்க, அந்த மரத்த நெனச்சு பழைய இரும்புல ஆளுயரத்துக்கு ஒரு மரம் செஞ்சு வாசல்ல வைக்கணும், வேலைக்குப் போறீங்க, வெல்டிங் தெரியாது, என்ன இரும்பு வாங்கலாம், எவ்வளவு செலவாகும், வெளில வச்சா துருப்பிடிக்காதா. இதுக்கெல்லாம் பதில் சொல்றேன். ஆனா கடைசில போறபோக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "போட்டோல பாக்குற ஸ்கிராப் மரம் எல்லாம் நட்டு போல்ட்டாதான் தெரியுது, மரமா தெரியல, ஏன்"னு. நீங்க உண்மையா கேக்குறது அதுதான்னு நினைக்கிறேன், மத்த எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நான் இரும்பு கேட், கிரில் அடிக்கிற பட்டறைக்காரன். மதுரைலதான் பட்டறை. ரொம்ப வருசமா வேலைக்கு நடுவுல மிஞ்சுன துண்டுக் கம்பி, வீடு இடிக்கிற எடத்துல கெடைக்கிற இரும்பு இதுகள வச்சு மரங்கள் செஞ்சுக்கிட்டிருக்கேன், சிலது வீடுகள்ல, ஸ்கூல்கள்ல நிக்குது. அதனால இரும்பு, வெல்டிங், துரு பத்தி நான் சொல்றத தைரியமா எடுத்துக்கலாம். மரம் பத்தி சொல்றது நின்னு நின்னு பாத்து கத்துக்கிட்டது, காலேஜ்ல படிச்சது இல்ல. பெருசா ஒண்ணு நிறுத்துறதுக்கான அஸ்திவாரக் கணக்கு என் சோலி கிடையாது, அதுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான், அந்த எல்லை எங்க வருதுன்னு கடைசில சொல்றேன்.

மொதல்ல அந்த "ஏன்". ஸ்கிராப் மரம் மரமா தெரியாததுக்கு காரணம் நட்டு போல்ட் இல்ல. கிளை பிரியுற விதம் தப்பா இருக்கும், அதான். ஒரு பைப்ப நட்டுவச்சு அதுல சுத்திவர குச்சி குச்சியா கம்பி ஒட்டுனா கண்ணு உடனே கண்டுபிடிச்சிரும், இது விளக்குக் கம்பம்னு. மரத்துல அடிமரம் பிரியுற ஒவ்வொரு எடத்துலயும் அது மெலிசாகும், எவ்வளவு பிரிஞ்சு போச்சோ அவ்வளவு மெலிசாகும். ஐநூறு வருசத்துக்கு முன்னாடியே லியோனார்டோ டா வின்சி இத நோட்டுல எழுதி வச்சிருக்காரு, ஒரு மட்டத்துல இருக்குற கிளைகள எல்லாம் ஒண்ணா சேத்துக் கட்டுனா அடிமரத்தோட கனம் வரும்னு. தோராயமா பெரும்பாலான மரங்களுக்கு இது சரியா வருது, அது உறுதி. ஏன் அப்படி வளருதுங்கறதுதான் இன்னும் முடிவாகல, தண்ணி மேல போற குழாய்க் கணக்குன்னு ஒரு கட்சி, காத்துல ஒடியாம இருக்க அப்படி வளருதுன்னு இன்னொரு கட்சி, 2011ல ஒரு பிரெஞ்சு இயற்பியலாளர் காத்துக் கணக்க வச்சு இந்த விதி வர்றத காட்டுனாரு. நமக்கு காரணம் எதுவா இருந்தாலும் பரவால்ல, கணக்கு மட்டும் போதும்.

கம்பில இத போடுறது ரொம்ப சுலபம். விட்டத்த அதாலயே பெருக்கி கூட்டிப் பாருங்க. 25 எம்எம் கம்பின்னா 625. அது ரெண்டு 16 எம்எம்மா ஒரு 10 எம்எம்மா பிரிஞ்சா 256, 256, 100, மொத்தம் 612, கிட்டத்தட்ட சரி. 16 பிரிஞ்சா ஒரு 12ம் ஒரு 10ம். 12 பிரிஞ்சா ரெண்டு 8. இதுல கவனிங்க, ரெண்டு பக்கமும் ஒரே கனமா பிரிச்சுக்கிட்டே போனா அது கவட்டையா, பொம்மை மரமாத்தான் வரும், நிஜ மரத்துல பெரும்பாலும் ஒண்ணு தடியா கொஞ்சம் மட்டும் திரும்பிப் போகும், இன்னொண்ணு மெலிசா நல்லா வெளிய சாஞ்சு போகும். மெலிசான கிளைதான் அதிகமா திரும்பும். இத மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி மரம் வந்துருச்சு.

இந்தக் கணக்கே வேணாம்னா இன்னொரு வழி, புதுசா செய்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். 8 எம்எம் கம்பி ஒரு முப்பது எடுத்து கட்டா கட்டுங்க, அதான் அடிமரம். மேல போகப்போக பத்து கம்பி ஒரு பக்கம், பதிமூணு ஒரு பக்கம், ஏழு ஒரு பக்கம்னு பிரிச்சு விடுங்க, அப்புறம் அதுல இருந்து மூணு, நாலுன்னு, கடைசில ஒவ்வொரு கம்பியும் தனியா ஒரு நுனி. எங்க பிரிஞ்சாலும் மொத்தம் முப்பதுதானே, அதனால கனம் தானா சரியா இருக்கும். லேசா முறுக்கிவிட்டா வேம்போட தூர்ல வர்ற அந்த வரி வரியான திருகல் வந்துரும். முப்பது கம்பி, ஒண்ணு ஆறடின்னா எடை இருபது கிலோவுக்கு ஒண்ணு ரெண்டு கூட வரும் (விட்டத்த விட்டத்தால பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தன கிலோன்னு வரும், 8 எம்எம்முக்கு 0.395, கடைக்காரர்கிட்ட போறப்ப இந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும்).

இது காட்டுல நிக்கிற மரத்துக்கு. நீங்க செய்யப்போறது ஊர் மரம், தெரு மரம், அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம், இத கொஞ்சம் பொறுமையா படிங்க. நம்ம தெருல நிக்கிற வேம்பு எதுவும் பாடப்புத்தகத்துல வரைஞ்ச மாதிரி குடை விரிச்சு நிக்காது. மேல ஈ.பி. வயர் போகும், வருசா வருசம் மழைக்கு முன்னாடி வந்து வயர் பக்கம் இருக்குற கிளைய வெட்டிட்டுப் போவாங்க, அதனால மரம் ரோட்டுப் பக்கமா சாஞ்சு வளரும், இல்லன்னா நடுவுல பள்ளம் விழுந்து ரெண்டு பக்கமும் ஏறும். கீழ லாரி உரசுற உயரத்துல பட்டை தேஞ்சிருக்கும். வெட்டுன எடத்துல என்ன நடக்கும்னா, தடியான மொட்டைக் கட்டைல இருந்து விரல் மொத்தத்துல பத்துப் பதினஞ்சு குச்சி நேரா விறைப்பா மேல கெளம்பும். அந்த எடத்துல மட்டும் நான் மேல சொன்ன கனக் கணக்கு உடைஞ்சுபோகும், தடிக்கு அப்புறம் திடீர்னு மெலிசு. இந்த உடைஞ்ச எடம்தான் ஊர் மரத்தோட முகம். உங்க மரத்த எங்க எங்க வெட்டுனாங்க, அது அதுக்கு அப்புறம் எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு நினைவு இருக்கா? பழைய போட்டோ, கல்யாண வீடியோ, கூகுள் ஸ்ட்ரீட் வியூ, எதுல கெடைச்சாலும் எடுத்து வைங்க. அதுதான் உங்க மரம். அத விட்டுட்டு ஒரு "பொதுவான வேப்பமரம்" செஞ்சீங்கன்னா உங்க தெருக்காரங்க யாரும் அடையாளம் கண்டுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ஊர் மரத்துக்குள்ள ஏற்கனவே இரும்பு இருக்கு. விளம்பரப் பலகை ஆணி, கொடி கட்டுன கம்பி, சின்னதா இருக்கப்ப பாதுகாப்புக்கு வச்சு அப்புறம் யாரும் கழட்டாம விட்ட இரும்புக் கூண்டு. மரம் பட்டைக்கு உள்பக்கம் இருந்து வெளிய பாத்து தடிக்கும், இரும்பு இருந்த எடத்துலயே இருக்கும், அதனால வருசம் ஆக ஆக மரம் அத மூடிக்கிட்டே வந்து முழுங்கிரும். உயரம் மட்டும் மாறாது, நாலடில அடிச்ச ஆணி இருபது வருசம் கழிச்சும் நாலடிலதான் இருக்கும், மரம் வளர்றது நுனிலதான். வெட்டுக்காயத்த சுத்தி உதடு மாதிரி உருண்டையா ஒரு விளிம்பு வரும் பாருங்க, அத இரும்புல கொண்டு வர்றது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. 10 எம்எம் கம்பிய வளையமா வளைச்சு ஒட்டி, அது மேலயும் பக்கத்துலயும் வெல்டிங் கோடு கோடா போட்டு ஏத்தி, கிரைண்டர்ல லேசா உருட்டி விட்டா போதும். உள்ள ஒரு பழைய ஆணியோ சங்கிலித் துண்டோ பாதி மூழ்கி நிக்கிற மாதிரி விடுங்க. பழைய இரும்புல மரம் செய்றதுக்கு இதவிட நியாயமான காரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, இரும்பும் அந்தத் தெருவோடது, காயமும் அந்தத் தெருவோடது.

மதுரைல பாத்துப் படிக்க மரத்துக்கு பஞ்சமில்ல. காந்தி மியூசிய வளாகம், அமெரிக்கன் காலேஜ் உள்ள, அழகர்கோயில் போற வழி, காலைல ஒரு நோட்டோட போங்க. போட்டோ எடுக்கறதவிட கையால வரைங்க, கேவலமா வந்தாலும் பரவால்ல, கிளை எங்க எந்தக் கோணத்துல பிரியுதுன்னு கை ஞாபகம் வச்சுக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் பட்டை வேற. வயசான வேம்புல நீளவாக்குல வெடிச்சிருக்கும், அதுக்கு வெல்டிங் கோட்ட மேல கீழ ஓட்டுனா அப்படியே வரும். மருதம் வழுவழுன்னு வெளுப்பா, செதில் செதிலா உரிஞ்சிருக்கும், அதுக்கு கோடு போட்டா கெட்டுப்போச்சு, தகடு சுத்தி அங்கங்க விளிம்ப தூக்கி விடணும். புளி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும், உடைஞ்ச சங்கிலி, டைமிங் செயின் துண்டுகள் அதுக்கு நல்லா வரும். வாகைக்கு இலையே வேணாம், காஞ்ச காய் போதும், தட்டையா நீட்டமா தகட்டுல வெட்டி சின்ன வளையத்துல தொங்கவிட்டா காத்துக்கு நிஜ வாகை நெத்து மாதிரியே சலசலக்கும். கடம்பம் நம்ம ஊருக்கே உரிய மரம், மீனாட்சி கோயில் தலமரம், அதோட பூ முழு உருண்டை, சின்ன இரும்புக் குண்டுல சுத்திவர ஆணிய ஒட்டுனா பூ வந்துருச்சு. மரத்துல அடிச்ச ஆணிய புடுங்குற இளைஞர்கள் பல ஊர்ல இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டு அந்த ஆணியவே வாங்கிப் பாருங்க. பேரிங் குண்டுல மட்டும் ஒட்டாதீங்க, காரணம் கீழ வருது.

இலை விஷயத்துல என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வேம்புக்கு ஒவ்வொரு இலையா தகட்டுல வெட்டி ஒட்டணும்னு ஆரம்பிச்சீங்கன்னா முடிக்க மாட்டீங்க, முடிச்சாலும் மரம் மூடிப்போயி புதரா தெரியும். வேம்போட இலை எல்லாம் குச்சியோட நுனில கொத்தா சேந்து நிக்கும், அதனால நுனிக் கம்பிகள மட்டும் விசிறி மாதிரி பிரிச்சு, கொஞ்சம் கீழ் பாத்து வளைச்சு விட்டாலே இலை இருக்குற உணர்வு வந்துரும். மொட்டையா விடுறதே மேல்னு சொல்வேன், அதுவும் நீங்க வெட்டுப்பட்ட மரத்த நெனச்சு செய்றப்ப. அரச மரத்துக்கு மட்டும் இலை வேணும், அந்த வால் நுனி இல்லாம அரசு கிடையாது. எண்ணெய் டின், பழைய டிரம் தகடு தகரக் கத்திரில வெட்ட வரும், காம்ப நீளமா விட்டு தளர்வா மாட்டுங்க, ஆடும்.

மத்தவங்க செஞ்சதையும் பாருங்க, காப்பி அடிக்க இல்ல, எந்தக் கேள்விக்கு யார் என்ன பதில் கண்டுபிடிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க. அமெரிக்காவுல ராக்ஸி பெய்ன்னு ஒருத்தர் எவர்சில்வர் பைப்புலயும் கம்பிலயும் பெரிய பெரிய மரங்கள் செய்றாரு, பழைய இரும்பு இல்ல, ஆனா கிளை பிரியுறத கத்துக்க அவர விட்டா ஆள் இல்ல. நியூயார்க் பார்க்ல 2007ல வச்ச ரெண்டு மரம், ஒண்ணோட கிளை இன்னொண்ணோட கிளைல போய் சேரும், படம் கெடைக்கும், பெருசு பண்ணி பாருங்க. டெல்லி தேசிய நவீனக் கலைக் கூடத்துல சுபோத் குப்தா செஞ்ச எவர்சில்வர் ஆலமரம் இருக்கு, கிளைல இருந்து நம்ம வீட்டுப் பாத்திரங்கள் தொங்கும். அதுல பொருளும் மரமும் ஒண்ண ஒண்ணு மறைக்காம நிக்குது. டெல்லிலயே 2019ல திறந்த ஒரு பூங்கால ஏறக்குறைய 150 டன் பழைய இரும்புல உலக அதிசயங்கள் ஏழையும் செஞ்சு வச்சிருக்காங்க, உழைப்பு பெருசு, ஆனா அங்க வடிவம் ஏற்கனவே முடிவானது, இரும்புக்கு சொல்ல ஒண்ணும் மிஞ்சல, அது என்னோட அபிப்பிராயம்தான். நம்ம பக்கம் சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966ல ஆரம்பிச்சது, அங்க நந்தகோபாலும், சென்னைலயே பி.வி. ஜானகிராமும் தாமிரத் தகடு, பித்தளை, கம்பிய வச்சு செஞ்ச சிற்பங்கள போய் நேர்ல பாத்தா தகட்டுல ஒரு கோடு எவ்வளவு பேசும்னு புரியும். மரம் இல்ல அதெல்லாம், ஆனா தகட்ட தட்டுற கைய அங்கதான் பாக்கணும்.

இப்ப இரும்புக்கு வருவோம். பழைய இரும்புக் கடைக்குப் போறப்ப பாக்கெட்ல ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டுனா இரும்பு, ஒட்டலன்னா அலுமினியம், பித்தளை, தாமிரம், இல்ல நல்ல எவர்சில்வர். ஆரம்பத்துல உங்களுக்கு வேண்டியது சாதா மைல்டு ஸ்டீல் மட்டும்தான், பட்டறைல எம்.எஸ்.னு சொல்றது. பழைய வீடு இடிக்கிற எடத்துல கெடைக்கிற அந்தக் காலத்து முறுக்குக் கம்பி இருந்தா விடாதீங்க, திருகுன வரி அதுலயே இருக்கு, மரத்துக்கு அதவிட நல்ல கம்பி கெடையாது. பழைய ஜன்னல் கம்பி, கேட்டுப் பட்டை, ஆங்கிள் துண்டு, வண்டி சைலன்சர் தகடு (உள்ள கரி இருக்கும், சொரண்டிருங்க), சைக்கிள் ரிம், இதெல்லாம் பளபளன்னு குரோம் பூச்சு இல்லாததா இருந்தா நல்லா ஒட்டும். எது எம்.எஸ்.னு சந்தேகமா இருந்தா கிரைண்டர்ல லேசா தொட்டு பொறிய பாருங்க. எம்.எஸ்.னா நீளமா நேரா பறக்கும். கார்பன் அதிகமான இரும்புன்னா நுனில பூவா வெடிக்கும், லாரி கட்டு பட்டை (லீஃப் ஸ்பிரிங்), அரம், பேரிங் எல்லாம் இந்த வகை, இதுகள ஒட்டுனா ஆறுறப்ப ஒட்டுக்குப் பக்கத்துல விரிசல் விட்டு டிக்குன்னு ஒடியும். அலங்காரத்துக்கு ஓரமா வைக்கலாம், எடை தாங்குற எடத்துல கூடவே கூடாது. வார்ப்பிரும்புன்னா பொறி குட்டையா மங்கலா செவப்பா இருக்கும், பழைய தையல் மெஷின் கால், மோட்டார் பாடி, சாக்கடை மூடி இதெல்லாம் வார்ப்பு, சாதாரண வெல்டிங் ராடுல ஒட்டவே ஒட்டாது, நிக்கல் ராடு வேணும், சூடு பண்ணி மெதுவா ஆறவிடணும். ஆசையா இருந்தா ஓட்டை போட்டு போல்ட்ல மாட்டிக்கோங்க.

சாக்கடை மூடின்னு சொன்னதும் ஒரு விஷயம். மலிவா வந்துச்சுன்னு சாக்கடை மூடி, ஈ.பி. வயர், ரயில்வே கிளிப்பு, தண்டவாளத் துண்டு வாங்காதீங்க. ரயில்வே சொத்த கைல வச்சிருக்கறதுக்கே 1966ல இருந்து தனிச் சட்டம் இருக்கு, எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்கதான் கணக்கு சொல்லணும். பில் போடுற கடைல வாங்குங்க, பில்ல பத்திரமா வைங்க.

உசுருக்கு ஆபத்தான விஷயங்கள் இதுல இருக்கு, இத மட்டும் வேகமா தாண்டிப் போகாதீங்க. மூடுன எதையும் சூடு பண்ணக்கூடாது. பைக் ஷாக் அப்சார்பர், கேஸ் ஸ்பிரிங், சிலிண்டர், பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம். ஷாக் அப்சார்பருக்குள்ள எண்ணெயும் அழுத்தமும் இருக்கும், சூடானா குண்டாட்டம் வெடிக்கும். பெட்ரோல் டேங்க் எத்தன வருசம் காலியா கெடந்தாலும் ஆவி இருக்கும், கழுவிட்டோம்னு நம்பாதீங்க, அத விட்டுருங்க. அடுத்தது வெள்ளையா மின்னுற ஜி.ஐ. பைப்பு, ஜி.ஐ. தகடு. அதுமேல இருக்குற துத்தநாகம் சுமார் 900 டிகிரில ஆவியாகும், வெல்டிங் சூடு அதவிட பல மடங்கு, வெள்ளைப் புகையா வரும். அத சுவாசிச்சா அப்ப ஒண்ணும் தெரியாது, சாயங்காலம் வீட்டுக்குப் போனப்புறம் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வாயில இரும்பு ருசி. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிரும், மூச்சு தெணறுனா டாக்டர்கிட்ட ஓடுங்க. பால் குடிச்சா போயிரும்னு எல்லாப் பட்டறைலயும் சொல்வாங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது. ஒட்டுற எடத்துல பூச்ச கிரைண்டர்ல எடுத்துட்டு, வெட்டவெளில, காத்து உங்க முதுகுப் பக்கமோ பக்கவாட்டுலயோ வர்ற மாதிரி நின்னு ஒட்டுங்க. பொன் நிறமா மின்னுற போல்ட் பெரும்பாலும் துத்தநாகம்தான், ஆனா பழைய மெஷின் போல்ட்ல காட்மியம் பூசுனதும் உண்டு, ரெண்டையும் கண்ணால பிரிக்க முடியாது, காட்மியம் புகை ஆளக் கொல்லும், அதனால நான் அந்த நிற போல்ட் எதையும் சூடு பண்றதே இல்ல. பழைய கேட்டு பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், எரிக்காம, தூசி பறக்காம தண்ணி தெளிச்சு சுரண்டி எடுங்க, குழந்தைங்க இல்லாத எடத்துல.

கண்ணு. 10ஆம் நம்பர் இல்ல 11ஆம் நம்பர் கண்ணாடி போட்ட முகமூடி இல்லாம ஒரு டாக் (சின்னப் பொட்டு வெல்டிங்) கூட அடிக்கக் கூடாது, "ஒரே ஒரு பொட்டுதானே"ன்னு கண்ண கையால மறைச்சுக்கிட்டு அடிக்கிறதுதான் எல்லாருக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணு திறக்க முடியாம ஆக்குறது. பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குற பிள்ளைங்களுக்கும் அதே கதிதான். கண்ணுல தாய்ப்பால் விடுறது, உருளைக்கிழங்கு வைக்கிறதெல்லாம் வேணாம், நம்ம ஊர்ல அரவிந்த் மாதிரி கண் ஆஸ்பத்திரி இருக்கறப்ப எதுக்கு அந்தச் சோதனை. கிரைண்டருக்கு தனிக் கண்ணாடி, காப்பு மூடி (கார்டு) கழட்டாத கிரைண்டர், பருத்தித் துணி, செருப்பு இல்ல ஷூ.

வெல்டிங் கத்துக்க கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.ல வெல்டர் படிப்பு இருக்கு, ஆனா அது முழு நேரப் படிப்பு, வேலைல இருக்குற உங்களுக்கு தோதுப்படாது. உங்க ஏரியாவுல ஒரு கிரில் பட்டறைல போய் "அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்து கூட நிக்கவா, கத்துக்கணும்"னு கேளுங்க. காசு தர்றேன்னும் சொல்லுங்க, பெரும்பாலானவங்க வாங்க மாட்டாங்க, கேட்டதே அவங்களுக்கு சந்தோசம். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் சின்னது ஒண்ணு போதும், 6013 ராடு, 2.5 எம்எம். 8 எம்எம் கம்பிக்கு எழுபது எண்பது ஆம்ப்ஸ்ல ஆரம்பிச்சு கைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைங்க. மொத நாளெல்லாம் ராடு ஒட்டிக்கும், எல்லாருக்கும் ஒட்டும். மரம் செய்றப்ப ஒரே எடத்துல முழுசா ஒட்டி முடிச்சுட்டு அடுத்ததுக்கு போகாதீங்க, சூட்டுல இழுத்து மரமே ஒரு பக்கம் சாஞ்சுரும். மொதல்ல எல்லாத்தையும் சின்னச் சின்ன டாக்ல நிறுத்துங்க, பத்தடி தள்ளி நின்னு நாலு பக்கமும் பாருங்க, பிடிக்காத கிளைய தட்டி எடுங்க, திரும்ப ஒட்டுங்க. இந்தக் கட்டத்துல அவசரப்படாதீங்க, சிற்பம் உண்மைல நடக்குறது இங்கதான். அப்புறம் அடி, நடு, மேல்னு மாத்தி மாத்தி முழு வெல்டிங். சிலாக்க (வெல்டிங் மேல படியுற கசடு) முழுசா தட்டி எடுங்க, மிச்சம் விட்டா அதுக்கு அடில இருந்துதான் துரு கெளம்பும்.

துருவப் பத்தி. மதுரை கடல்ல இருந்து தள்ளி இருக்கு, காத்துல உப்பு இல்ல, அதனால ராமேஸ்வரம், தூத்துக்குடியில வைக்கிற இரும்பவிட இங்க வைக்கிறது நல்லாவே நீடிக்கும். ஆனா துருவே பிடிக்காம இருக்காது, அத யார் சொன்னாலும் நம்பாதீங்க. கெடுக்குறது மழை இல்ல, தேங்குற தண்ணி. கம்பிக் கட்டுக்கு நடுவுல, கிளை பிரியுற கவட்டைல, பைப்புக்கு உள்ள. கவட்டைய எல்லாம் வெல்டிங்ல ரொப்பி சரிவு குடுத்துருங்க, பைப்பு இருந்தா அடில 8 எம்எம் ஓட்டை கட்டாயம். நிறம் வேணும்னா ரெட் ஆக்ஸைடு பிரைமர் ரெண்டு கோட்டு, மேல மேட் பெயிண்ட், இது பழகுன வழி. துரு நிறமே அழகா இருக்குன்னு நினைச்சா (எனக்கு வேம்புக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்) ரெண்டு மழைக்காலம் தானா துருப்பிடிக்க விட்டு, கம்பி பிரஷ்ல உதிர்றத மட்டும் தேய்ச்சு எடுத்துட்டு, பாயில்டு லின்சீட் ஆயில மெலிசா துணியால பூசுங்க, வருசம் ஒருக்கா. அந்த எண்ணெய்த் துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் குப்பைல போடுங்க. கிளியர் லேக்கர் அடிச்சா போட்டோவுக்கு பளபளன்னு இருக்கும், நம்ம வெயில்ல உரிஞ்சு செதில் செதிலா நிக்கும், நான் பாத்த வரைக்கும் வெளில வைக்கிறதுக்கு அது சரிப்படல. நிழல்ல, வீட்டுக்குள்ளன்னா தாராளமா அடிக்கலாம். தாமிர இலைய நேரா இரும்புக் கிளைல ஒட்டுனா ஈரம் பட்டதும் இரும்பு சீக்கிரமா அரிச்சுப்போகும், நடுவுல ரப்பர் வாஷர் போட்டு மாட்டுங்க. தகட்ட சூடு பண்ணி வைக்கோல் நிறம், ஊதா, நீலம் கொண்டு வர்ற வித்தை இருக்கு, 220 டிகிரில இருந்து 300 வரைக்கும் ஒவ்வொரு நிறமா வரும், ரொம்ப அழகு, ஆனா அது வெளில நிக்காது.

நிறுத்துறது. ஆளுயர மரத்துக்கு ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி, 8 எம்எம் தகடு, நாலு மூலைல 12 எம்எம் ஆங்கர் போல்ட், கீழ ஒழுங்கான கான்கிரீட், வீட்டு வாசலுக்கு இது போதும், ஏன்னா உங்க மரத்துல தகடு கம்மி, காத்து ஊடாப் போயிரும். அதுக்கு மேல பெருசா, எட்டடி பத்தடி தாண்டி, இலை நிறைய வச்சு செய்யணும்னு ஒருநாள் தோணுனா அங்க என் எல்லை முடியுது. நம்ம நாட்டு காத்துக் கணக்குத் தரத்துல மதுரைக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அத அழுத்தமா மாத்துனா சதுர மீட்டருக்கு தொண்ணூறு கிலோவுக்கு மேல வரும், ஒரு பெரிய ஆள் நெஞ்ச வச்சு தள்ளுறதவிட அதிகம், அதுவும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும். ஆடி மாசக் காத்துல அது யார் தலைலயும் விழக்கூடாது. இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட காட்டி கையெழுத்து வாங்காம செய்யாதீங்க. ரோட்டோரமா, பொது எடத்துல வைக்கணும்னா மாநகராட்சி அனுமதி எழுத்துல வேணும். குழந்தைங்க ஏறும்னு நெனச்சே செய்ங்க, கண்ணு உயரத்துல இருக்குற கம்பி நுனி ஒவ்வொண்ணையும் உருட்டி விட்டுருங்க, இல்லன்னா சின்ன வளையமா மடக்கிருங்க.

செலவு கேட்டிருந்தீங்க. பழைய இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதனால ரூபாய்ல சொல்றதுல அர்த்தமில்ல, ஆனா நாப்பது கிலோ இரும்பு வாங்குனா நீங்க சொன்ன அளவுக்கு தாராளம், அடித்தகடு சேத்து. செலவுல பெருசு இரும்பு இல்ல, மெஷினும் பாதுகாப்புச் சாமானும்தான், மொத மரத்துக்கு மெஷின பட்டறைக்காரர்கிட்டயே வாடகைக்குக் கேளுங்க. அதுக்கும் முன்னாடி கட்டுக்கம்பி கால் கிலோ வாங்குங்க, சென்ட்ரிங்ல கம்பி கட்டுற அந்த மெல்லிசுக் கம்பிதான், முப்பது துண்டா வெட்டி கையாலயே முறுக்கி ஒரு சாண் உயரத்துக்கு உங்க மரத்த செஞ்சு பாருங்க. வெல்டிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். அது சரியா வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தடவ பிரிச்சு பிரிச்சு முறுக்குங்க. எந்தப் பக்கம் வெட்டுனாங்களோ அந்தப் பக்கம் மொட்டையா நிறுத்தி, அதுல இருந்து நாலு குச்சிய நேரா விடுங்க. செஞ்சதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, கிளை எங்க இடிக்குதுன்னு பாத்து சொல்றேன்.